சிறிய சமூகங்களும் பெரிய நாடும்

ஒரு நாட்டின் பரப்பளவை வரைபடம் சொல்லிவிடும். அதன் மனம் எவ்வளவு பெரியது என்பதை அங்கே வாழும் சிறிய சமூகங்கள்தான் சொல்ல வேண்டும்.

தனக்கென மொழியோ எழுத்தோ பண்பாடோ உள்ள எந்தப் பிரிவினருக்கும் அதைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்கிறது நம் அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரும் வசதிக்கு முயல வேண்டும் என்கிறது 1956-இல் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு. இரண்டும் அருமையான வாசகங்கள். ஆனால் சட்டத்தால் ஒரு மொழியைப் பேச முடியாது. 2010-இல் அந்தமானில் போவா என்ற மூதாட்டி இறந்தபோது, 'போ' மொழி பேச ஒருவரும் மிஞ்சவில்லை.

மொழி மட்டுமல்ல, கைவேலையும் இப்படித்தான். நீலகிரியில் தோடர் பழங்குடிப் பெண்கள் வெள்ளைத் துணியின் இழைகளைக் கண்ணாலேயே எண்ணி, சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்கிறார்கள். முன்கூட்டி வரைந்துகொள்வதில்லை, கணக்கெல்லாம் விரலில் இருக்கிறது. இந்தப் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். அந்தப் பூவேலை செய்த சால்வையை ஆசையாகப் போர்த்திக்கொள்ளும் நமக்கு, அவர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகள் தைல மரத் தோப்புகளாகவும் தேயிலைத் தோட்டங்களாகவும் மாறியதில் அக்கறை வேண்டாமா? கைவேலையைக் கொண்டாடிவிட்டு, அந்தக் கைகளுக்குரிய மண்ணையும் மொழியையும் மறப்பது நியாயமே இல்லை.

வகுப்பில் ஒரு பழங்குடிக் குழந்தை தன் மொழியில் பேசினால் சிரிக்கக்கூடாது என்று இன்றே நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.