தங்கமான பிள்ளை

புதுக்கோட்டைச் சீமையில் மஞ்சுவிரட்டு பார்த்தவர்களுக்குத் தெரியும். வாடிவாசலில் எந்த மாடு வருகிறதோ அதோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். ஒதுங்கிக்கொள்ளலாம், ஆனால் ஒதுங்கியவன் வீரன் என்று பெயர் வாங்க முடியாது.

குத்துச்சண்டை மேடையில் அதுவும் முடிந்திருக்கிறது! ஜான் சல்லிவன் என்ற அமெரிக்கர் 1882 முதல் பத்து ஆண்டுகள் ஹெவிவெயிட் வீரராகக் கொடிகட்டிப் பறந்தார். கறுப்பரோடு மோத மாட்டேன் என்று கூசாமல் சொன்னார். பட்டம் பறிபோகவில்லை.

அவர் ஒதுங்கிக்கொண்டது பீட்டர் ஜாக்சனிடமிருந்து. மேற்கிந்தியத் தீவொன்றில் 1861இல் பிறந்து, ஆஸ்திரேலியாவுக்குப் போய், 1886இல் அந்நாட்டின் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றவர் ஜாக்சன். 1891 மே மாதம் ஸான்பிரான்ஸிஸ்கோவில் ஜிம் கார்பெட்டுடன் 61 சுற்றுகள் சண்டையிட்டார். இருவருக்கும் கை தூக்க வலுவில்லை. முடிவில்லாமலே நடுவர் நிறுத்தினார். மறுவருஷம் அதே கார்பெட், சல்லிவனை வீழ்த்திப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். ஜாக்சனுக்கு அப்போதும் அழைப்பு வரவில்லை.

ஆனால் புகழ் வந்தது. எவ்வளவு பண்பு, எவ்வளவு அடக்கம் என்று பத்திரிகைகள் வாய் நிறையப் பாராட்டின. நாடக மேடையில் அவருக்குக் கிடைத்த வேஷமோ, அடியைப் பொறுத்துக்கொள்ளும் அடிமைக் கிழவர் ‘டாம் மாமா’!

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. என் சிறுவயதில் ஊரில் சேரிப் பையன் ஒருவன் இருந்தான். மாட்டின் கண்ணைப் பார்த்தே அது எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லிவிடுவான். வாடிவாசல் பக்கம் அவன் வரக் கூடாது. பொங்கல்தோறும் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டுப் போவான்.

“தங்கமான பிள்ளை. இடம் தெரிந்து நடக்கிறான்” என்பார் என் பெரியப்பா. நானும் ஆமோதித்துத் தலையாட்டியிருக்கிறேன். ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்டிருந்தால் அன்று மாலையே அவன் திமிர் பிடித்தவன் ஆகியிருப்பான். அவனுடைய அடக்கத்தை நாங்கள் மெச்சியது அவனுக்காகவா, எங்கள் நிம்மதிக்காகவா? மல்லுக்கு வராதவனைப் புகழ்வதில் நமக்கு என்ன நஷ்டம்?

ஜாக்சன் 1901இல் குவீன்ஸ்லாந்தில் காசநோயால் இறந்தார். வயது 40. பிரிஸ்பேனில் உள்ள அவர் கல்லறையில் ஷேக்ஸ்பியரின் நாடக வரி ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். இவர் ஒரு மனிதர் என்பதுதான் அதன் சாரம்.

அந்தப் பையன் பிற்பாடு என்ன ஆனான் என்று நான் விசாரித்ததே இல்லை.