பூட்டிய அறையும் பிறர் பொருளும்



வீட்டுச் சாமான் அறையைப் பற்றிச் சங்க இதழில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் நகைக்கக்கூடும். நான் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் மட்டும் படித்த கடைக்காரன். பெரிய தத்துவங்களை நான் அறியேன். சரக்கையும் கணக்கையும் ஓரளவு அறிவேன். ஒழுங்கில்லாத அறை வெறும் சோம்பலின் அடையாளமா, அல்லது அதற்கும் மேற்பட்ட குற்றமா என்பதே என் மனத்தை உறுத்திய கேள்வி. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

நாங்கள் குடியிருப்பது சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில். 1997-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் கட்டப்பட்ட வீவக வீடுகளில் உள்ளதுபோல் எங்கள் வீட்டிலும் தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் கொண்ட பாதுகாப்பு அறை ஒன்று உண்டு. ‘பாம் ஷெல்டர்’ என்றால் எல்லோருக்கும் விளங்கும். யுத்தம் வந்தால் குடும்பத்தார் ஒதுங்கி உயிர் பிழைப்பதற்காக அமைக்கப்பட்டது அது. அமைதிக் காலத்தில் அதில் சாமான் வைத்துக்கொள்ளத் தடையில்லை. நாங்களோ உடைந்த மின்விசிறி, காலி பிஸ்கட் டின்கள், பிள்ளைகளின் பழைய பாடப்புத்தகங்கள், கல்யாணத்துக்கு வந்து பிரிக்கப்படாத பீங்கான் தட்டுகள், அத்தாவின் கடையிலிருந்து வந்த தராசு, பெட்டிகள் என்று கூரை வரை அடைத்துவிட்டோம். எங்கள் வீட்டில் ஐந்து பேர்; ஒருவர் நிற்கவும் அங்கே இடமில்லை. மனிதரைக் காக்கக் கட்டிய அறையில் உடைந்த மின்விசிறியைக் காத்துவந்தோம்!

“உங்கள் கடையை இப்படி வைத்திருந்தால் ஒரு நாளாவது வியாபாரம் நடக்குமா?” என்று என் மனைவி பல முறை கேட்டார். நியாயமான கேள்விதான். கடையில் ஆண்டுதோறும் சரக்கை எண்ணுகிறேன். எது போகும், எது போகாது, எவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எழுதுகிறேன். வீட்டில் மட்டும் கதவைச் சாத்திவிட்டால் கணக்கு முடிந்தது என்று எண்ணினேன். வாடிக்கையாளர் காணும் இடத்தைக் கூட்டுவதும், காணாத இடத்தைப் பூட்டுவதும் நம்மில் பலருக்கும் உள்ள பழக்கமன்றோ?

சென்ற நோன்புக்கு முந்திய மாதம், ஒருவாறு மனம் துணிந்து அறையைக் காலி செய்யத் தொடங்கினோம். மூன்றாம் நாள் அடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும், கயிற்றால் கட்டிய 555 குறிப்புப் புத்தகங்களும் வந்தன. அக்காலத்தில் கடனுக்குச் சாமான் வாங்குவோரின் கணக்கை அந்தச் சிறு புத்தகங்களில்தான் எழுதுவார்கள். அத்தாவின் கடை செம்பவாங்கில், பிரிட்டிஷ் கடற்படைத் தளத்திற்கு அருகில் இருந்தது. தளத்தில் வேலை செய்த தமிழர் பலர் அவரிடம் கடன் வாங்கினார்கள்; சிலர் தம் சேமிப்பையும் அவரிடமே கொடுத்து வைத்தார்கள்.

வியாபாரக் கணக்குகளை 5 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்கிறது இந்நாட்டு வரிச் சட்டம். கொடுத்த கடனுக்கு 6 ஆண்டுக்குப் பின் வழக்காட முடியாது என்கிறது காலவரம்புச் சட்டம். ஆகவே, அத்தாவுக்கு வரவேண்டிய பழைய பாக்கிகளை அவர் மக்களாகிய நாங்கள் மனமார விட்டுவிட்டோம். அது சுலபமாயிருந்தது. ஆனால் ஒரு பக்கத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தது. ஒருவருடைய பெயர், தமிழ்நாட்டில் அவருடைய கிராமம், தபால் முகவரி. அதன் கீழே, ‘பெட்டி 1, ரொக்கம் 240 வெள்ளி, திரும்பி வந்து பெற்றுக்கொள்வார், 1971’ என்று அத்தாவின் கையெழுத்து. திருப்பிக் கொடுத்ததற்கு அடையாளமாக அவர் இடும் குறுக்குக் கோடு அதில் இல்லை.

பிரிட்டிஷ் அரசாங்கம் தன் தளங்களை விட்டுப் போவதாக 1968-இல் அறிவித்து, 1971 முடிவில் படைகளில் பெரும்பகுதியை விலக்கிக்கொண்ட காலம் அது. வேலை இழந்து ஊர் திரும்பியோர் பலர். இம்மனிதரும் அவர்களில் ஒருவராக இருக்க வேண்டும். திரும்பி வரவில்லை.

அத்தா 2009-இல் மவுத்தானார். பெட்டியும் புத்தகங்களும் அன்று முதல் என் பொறுப்பில் இருந்தன. நான் அவற்றின் மேல் பிஸ்கட் டின்களை அடுக்கினேன்.

உடனே அந்த முகவரிக்குக் கடிதம் எழுதினேன். ஏழு வாரம் கழித்து அவருடைய மகளிடமிருந்து பதில் வந்தது. தகப்பனார் 2014-இல் இறந்தார் என்றும், ‘சிங்கப்பூரில் பாய் கடையில் என் பெட்டி பத்திரமாக இருக்கிறது’ என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார் என்றும் அந்த அம்மையார் எழுதியிருந்தார். அவர் என்னைக் குறை கூறவில்லை. அந்த 5 ஆண்டுகளை நானே எண்ணிக்கொண்டேன். அத்தா மவுத்தான ஆண்டிலேயே அறையைத் திறந்திருந்தால், உரியவர் கையிலேயே பெட்டி போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆலிம்சாவிடம் கேட்டேன். “அமானிதத்துக்கு உரியவர் இல்லையென்றால் வாரிசிடம் சேர்த்துவிடு, அவர் எந்த மதத்தவராயினும் ஹக்கு ஹக்குதான். கொடுத்து வைத்த தொகைக்கு மேல் கொடுப்பது உன் நன்றியைப் பொறுத்தது” என்றார். 240 வெள்ளி 1971-இல் இருந்த மதிப்பு இன்று இல்லை என்பதைக் கடைக்காரனாகிய நான் அறிவேன். அதற்கேற்பச் சேர்த்து அனுப்பினேன். பெட்டியின் பூட்டை உடைக்கவில்லை. ஊருக்குப் போன உறவினர் ஒருவர் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார். உள்ளே என்ன இருந்தது என்று நான் கேட்கவுமில்லை.

இனி, என் கேள்விக்கு வருகிறேன். ஒழுங்கில்லாத அறையின் குற்றம் அது அழகாயில்லை என்பதன்று. பிறருக்கு நாம் தரவேண்டியதை நம் கண்ணிலிருந்தே மறைத்துவிடுகிறது என்பதே. ‘நான் எவருடைய பொருளையும் அபகரிக்கவில்லை’ என்று நான் சத்தியம் செய்திருப்பேன். அறியாமல்தான் வைத்திருந்தேன், ஆனால் அந்த அறியாமையை வளர்த்தவன் நானே.

‘அப்படியானால் எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிடலாமே’ என்பார் சிலர். அதுவும் சரியன்று. இந்நாட்டுக் குப்பை எரிக்கப்பட்டுச் சாம்பல் கடல் கடந்து செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 1999-இல் திறந்த அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அரசாங்கம் எச்சரித்திருக்கிறது. தவிர, கண்ணை மூடிக்கொண்டு கொட்டியிருந்தால் அந்த 555 புத்தகமும் போயிருக்கும். பாராமல் வைத்திருப்பதும் பாராமல் வீசுவதும் ஒன்றே.

ஆகவே, ‘இது தேவையா’ என்று கேட்பதற்கு முன் ‘இது யாருடையது’ என்று கேளுங்கள். இரவல் வாங்கிய அண்டாவும் புத்தகமும் முதலில் உரியவர் வீட்டுக்குப் போகட்டும். நம்முடையதாய் இருந்தும் நாம் பயன்படுத்தாதவை பயன்படுத்துவோர் கைக்குப் போகட்டும். எங்கள் பீங்கான் தட்டுகள் இப்போது ஒரு புதுக் குடும்பத்தில் சோறு தாங்குகின்றன. எவருக்கும் உதவாதது காராங்குனிக்காரரிடம் போகட்டும். அத்தாவின் தராசை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். அது கடை மேசையில், கண் படும் இடத்தில் இருக்கிறது.

எங்கள் பாதுகாப்பு அறையில் இப்போது ஐந்து பேரும் நிற்கலாம். இந்த இதழை மடித்து வைக்குமுன், உங்கள் வீட்டில் பூட்டிக் கிடக்கும் அறையின் சாவி எங்கே என்று தேடிப் பாருங்கள். நம்மிடம் கணக்குக் கேட்கப்படும் நாளுக்கு முன், நாமே நம் கணக்கைப் பார்த்துக்கொள்ள வல்ல அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.