மறுப்பும் மறிப்பும்

படைக்குப் பணம் தர மறுக்கும் உரிமை மக்கள் அவைக்கு உண்டு என்பதை இன்றைய அரசியல் சட்ட நூல்கள் ஐயுறுவதில்லை. ஆனால் அந்த உரிமையைக் கையாளும் அவை தன் கடமையைச் செய்கிறதா, கடமையிலிருந்து வழுவுகிறதா என்ற கேள்விக்கு அந்நூல்களில் விடை இல்லை. வெளிப்பார்வைக்கு இரண்டு செயல்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன: மசோதா கிடப்பில் கிடக்கிறது, கூட்டத்தொடர் முடிகிறது, கருவூலம் திறக்கப்படுவதில்லை. தமிழில் ஓர் உயிர்க்குறி வேறுபாட்டில் நிற்கும் இரு சொற்களை இங்கே கலைச்சொற்களாகக் கொள்ளலாம். ஒரு செலவையே தவறென்று கருதி அதற்கு இசைவு தராதிருப்பது மறுப்பு. வேறொன்றைப் பெறும்பொருட்டு அச்செலவை வழியில் நிறுத்திவைப்பது மறிப்பு. மறுப்பவரின் வழக்கு அந்தப் படையைப் பற்றியது. மறிப்பவருக்கோ படை ஒரு பிடி மட்டுமே. கருத்தளவில் இவ்வளவு தெளிவாக இருக்கும் இந்த வேறுபாடு, நடந்த நிகழ்ச்சிகளின் மேல் வைத்துப் பார்க்கையில் அவ்வளவு தெளிவாக நிற்பதில்லை.

பணத்தைப் பிடித்துவைத்து ஆட்சியாளரைக் கட்டுப்படுத்தும் மரபுக்கு நன்கு அறியப்பட்ட பிறப்பிடம் இங்கிலாந்து. முதலில் குறை தீர வேண்டும், பிறகே மானியம் என்பது அங்கு மக்களவையின் பழைய வழக்கம். முதலாம் சார்லஸ் மன்னர் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே 'கப்பல் வரி' தண்டியதும், அது பின்னர் உள்நாட்டுப் போருக்கு இட்டுச்சென்ற காரணங்களுள் ஒன்றானதும் அவ்வழக்கத்துக்கு ஒரு தியாக ஒளியைச் சேர்த்தன. அமைதிக் காலத்தில் நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி நிலைப்படை வைத்திருப்பது சட்டவிரோதம் என்று 1689ஆம் ஆண்டின் உரிமைச் சாசனம் விதித்தது. இந்திய நாடாளுமன்றத்தில் மானியக் கோரிக்கைகளின்மீது கொண்டுவரப்படும் வெட்டுத் தீர்மானம் இம்மரபின் தொலைதூர வழித்தோன்றல்தான்; அரசின் கொள்கையை ஏற்கவில்லை என்று காட்டுவதற்காகக் கோரிய தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லும் அத்தீர்மானம் பெரும்பாலும் தோற்பதற்கென்றே கொண்டுவரப்படுவதால், அதில் மறுப்பின் சொல் எஞ்சியிருக்கிறது, பல் விழுந்துவிட்டது.

அமெரிக்க அரசியல் சட்டம் இம்மரபை மேலும் இறுக்கி, தரைப்படைக்கான எந்த நிதி ஒதுக்கீடும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கக் கூடாது என்று வரையறுத்தது. அச்சட்டத்தை ஏற்கலாமா என்று மாநிலங்கள் வாதித்துக்கொண்டிருந்த காலத்தில், நிலைப்படையைக் கண்டு அஞ்சியவர்களுக்கு அலெக்சாண்டர் ஹாமில்டன் 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகளுள் 26ஆவதில் ஓர் ஆறுதல் சொன்னார்: இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் அவை படையின் தேவையைப் பற்றி வெளிப்படையாகத் தீர்மானித்தாக வேண்டும், கட்சி மனப்பான்மை எந்த அவையையும் விட்டுவைக்காது என்பதால், ஆட்சியாளரின் நோக்கத்தைக் குற்றஞ்சாட்டி மக்களை விழிப்பூட்ட அங்கு எப்போதும் எவரேனும் இருப்பர். கட்சிப் பூசலைக் குடியரசின் நோயாகக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அந்நோயையே காவலாகவும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். காவல் நாய் குரைக்கும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. அது யாரைப் பார்த்துக் குரைக்கும் என்பதை அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்கேள்வி 1877இல் எழுந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமை முறை ஒழிந்தபின், இனம் காரணமாக எவருக்கும் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற 15ஆவது திருத்தம் 1870இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் தென்மாநிலங்களில் வெள்ளையரின் ஆயுதக் குழுக்களுக்கு எதிரே அத்திருத்தம் வெறும் தாளாகிவிடாமல் காத்த சில சக்திகளுள் கூட்டரசின் படையும் ஒன்று. பிரதிநிதிகள் அவையில் பெரும்பான்மை பெற்றிருந்த ஜனநாயகக் கட்சி, லூசியானாவில் ஆட்சியுரிமை கோரிய குடியரசுக் கட்சி அரசைத் தாங்கிப்பிடிக்கப் படையைப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையைப் படைக்கான நிதி மசோதாவில் சேர்த்தது. பண மசோதாவின் முதுகில் ஏறிவரும் இத்தகைய பிரிவை அமெரிக்கர்கள் 'ரைடர்', அதாவது சவாரி செய்பவன், என்று அழைக்கிறார்கள். குதிரை போய்ச் சேர வேண்டுமானால் மேலிருப்பவனையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சூட்சுமம். குடியரசுக் கட்சியின் கையிலிருந்த செனட் அவை இணங்கவில்லை. மார்ச் மாதத் தொடக்கத்தில் மசோதா நிறைவேறாமலே கூட்டத்தொடர் முடிந்தது. ஜூன் 30ஆம் நாளோடு நிதியாண்டும் முடிந்தபோது படையின் சம்பளக் கணக்கு வற்றியது.

இதில் கவனத்துக்குரியது, பணம் நின்றபோதும் படை நிற்கவில்லை என்பதே. அந்தக் கோடையில் ரயில்வே தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தத்தை ஒடுக்க அது அனுப்பப்பட்டது. தம் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நெஸ் பெர்ஸ் பழங்குடியினரை மலைகளின் ஊடே துரத்தி, ஆகஸ்டில் பிக் ஹோலிலும் செப்டம்பர் இறுதியில் பேர் பா மலையடிவாரத்திலும் அவர்களோடு போரிட்டது. போரிட்டவர்களுக்கு அந்த மாதங்களில் சம்பளம் இல்லை. அதிகாரிகள் கடன் வாங்கிச் சமாளிக்க முடிந்தது. ஏவல் வீரனுக்குக் கடன் தர எவரும் இல்லை. குடியரசுத் தலைவர் ஹேஸ் அக்டோபரில் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டி, நவம்பரில் மசோதா நிறைவேறிய பிறகே பணம் வந்தது. லூசியானா அரசு மாளிகையைக் காத்துநின்ற படையை ஏப்ரல் மாதமே ஹேஸ் விலக்கிவிட்டிருந்தார். ஆகவே எதற்காகப் பணம் நிறுத்தப்பட்டதோ அது கைகூடிய பின்பும் ஏழு மாதம் மசோதா நிறைவேறவில்லை.

மேலே வரைந்த இலக்கணப்படி பார்த்தால் 1877இல் நடந்தது மறிப்பு அன்று, மறுப்பு. ஏனெனில் நிபந்தனை படையைப் பற்றியது, படை எதற்குப் பயன்பட வேண்டும் என்பதைப் பற்றியது. இங்கிலாந்தின் பழைய முன்னுதாரணங்கள் அனைத்தையும் அந்த அவையினர் தமக்குச் சான்றாகக் காட்ட முடிந்தது, காட்டவும் செய்தனர். இருந்தும், கொடுங்கோலுக்கு எதிராகக் கூர்தீட்டப்பட்ட அந்த ஆயுதம் இங்கே நேற்றுவரை அடிமைகளாயிருந்தவர்களின் வாக்குச்சாவடிக் காவலை அகற்றவே பயன்பட்டது. ஆயுதத்தின் வரலாறு அதை ஏந்தும் கைக்கு நற்சான்று ஆகாது. விடுதலையின் மொழி முழுவதும் அங்கு ஒலித்தது. விடுதலை பெற்றவர்கள் மட்டும் அந்த வாதத்தில் தரப்பாகவே எண்ணப்படவில்லை.

1879இல் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்தபோது மோதல் மீண்டும் எழுந்தது. வாக்குச்சாவடிகளில் அமைதி காக்கப் படையைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் பிரிவோடு வந்த நிதி மசோதாவை ஹேஸ் ஏப்ரலில் திருப்பி அனுப்பினார். அந்த ஆண்டு பிரதிநிதிகள் அவையில் குடியரசுக் கட்சியின் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் ஆற்றிய உரை, கட்சிச் சண்டைக்கு நடுவே பிறந்ததாயினும், தத்துவ வாதமாகவே படிக்கத் தக்கது. அரசியல் சட்டம் குடியரசுத் தலைவரையும் இரு அவைகளையும் எதையும் செய்யுமாறு கட்டாயப்படுத்துவதில்லை. அவரவர் தம் பங்கைத் தாமே விரும்பி ஆற்றுவர் என்ற நம்பிக்கையின்மேல்தான் அரசு முழுவதும் நிற்கிறது. ஆகவே ஒரு தரப்பு, மற்றவரின் சுதந்திரமான இசைவைப் பிடுங்குவதற்காகத் தன் பங்கை ஆற்ற மறுத்து அரசைப் பட்டினியிட முனைந்தால், அது ஆயுதமில்லாத கலகம் என்பது அவருடைய கருத்தின் சாரம். மறுக்கும் உரிமை இல்லை என்று அவர் சொல்லவில்லை. தன் இசைவைத் தர மறுப்பது வேறு, பிறர் இசைவைப் பறிப்பதற்காக மறுப்பது வேறு என்றார்.

இம்மானுவேல் கான்ட் 1785இல் எழுதிய அறநெறி நூலின் கோட்பாடு இங்கு துணைக்கு வருகிறது. மனிதரை, தம்மிடத்தும் பிறரிடத்தும், வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது, எப்போதும் அவரைத் தம்மளவில் ஓர் இலக்காகவும் மதிக்க வேண்டும் என்பது அது. பத்தாண்டுகள் கழித்து நிலைத்த அமைதியைப் பற்றி எழுதிய நூலில் அவரே, கொல்லவும் கொல்லப்படவும் கூலிக்கு அமர்த்தப்படும் வீரன் அரசின் கையில் ஒரு பொறியாகிவிடுகிறான் என்று கூறி, நிலைப்படைகள் காலப்போக்கில் ஒழிய வேண்டும் என்றார். அப்படியானால் நிதியை மறிக்கும் அவை ஏற்கெனவே கருவியாக்கப்பட்டவனை இரண்டாம் முறை கருவியாக்குகிறது: அரசு அவனைப் பகைவனுக்கு எதிராகப் பயன்படுத்துகிறது, அவை அவனை அரசுக்கு எதிராகப் பயன்படுத்துகிறது. சண்டை இருவருக்கிடையே, நோவு மூன்றாமவனுக்கு. 2023 அக்டோபரில் கோரப்பட்ட உக்ரைன் உதவி நிதி, அமெரிக்காவின் தென் எல்லைக் காவலோடு முடிச்சுப் போடப்பட்டு, முடிச்சுக்கு இணங்கி உருவான சமரசமும் பிப்ரவரியில் செனட் அவையில் வீழ்த்தப்பட்டு, 2024 ஏப்ரலில்தான் பிரதிநிதிகள் அவையில் 311க்கு 112 என்ற வாக்குகளில் நிறைவேறியபோது, மூன்றாமவன் வேறொரு நாட்டின் பதுங்குகுழியில் குண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

மூன்றாமவனை நோகச் செய்யாத மறுப்பு இருக்க முடியுமா? பிரஷ்யாவில் 1860களில் அப்படி ஒன்று நிகழ்ந்தது. அதன் முடிவு ஆறுதல் தருவதாக இல்லை. முதலாம் வில்ஹெல்ம் மன்னரும் அவருடைய போர் அமைச்சர் ரூனும் படையைப் பெருக்கவும், மூன்றாண்டுக் கட்டாயச் சேவையை நிலைநிறுத்தவும், குடிமக்கள் படையான லாண்ட்வேரைப் பின்னுக்குத் தள்ளவும் திட்டமிட்டபோது, தாராளவாதிகள் மிகுந்திருந்த கீழவை 1862இல் அதற்கான தொகையை வெட்டியது. அங்கு வழக்கு முழுவதும் படையைப் பற்றியதே. மறுப்பு என்ற சொல்லுக்கு அதைவிடத் தூய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. செப்டம்பரில் முதலமைச்சர் பொறுப்புக்கு வந்த பிஸ்மார்க், வரவுசெலவுத் திட்டத்துக்கு மன்னரும் ஈரவைகளும் ஒத்துவர வேண்டும் என்று சொல்லும் அரசியல் சட்டம், அவர்கள் ஒத்துவராவிட்டால் என்ன செய்வது என்று சொல்லவில்லை, அந்த இடைவெளியில் ஆட்சியைத் தொடரும் உரிமை மன்னருடையது என்று வாதிட்டார். 'இடைவெளிக் கோட்பாடு' எனப் பெயர்பெற்ற இவ்வாதம் சட்டத்தின் மௌனத்தைச் சட்டமாக்கியது. நடப்பிலுள்ள வரிகள் தொடர்ந்து வசூலாகும் என்று சட்டமே சொன்னதால் கருவூலம் நிறைந்தது. வீரனுக்குச் சம்பளம் கிடைத்தது. நான்கு ஆண்டுகள் அவை மறுத்துக்கொண்டேயிருந்தது, எவருக்கும் எதுவும் குறையவில்லை. எவரையும் நோகடிக்காத அந்த மறுப்பை எவரும் பொருட்படுத்தவுமில்லை.

1866 ஜூலை 3ஆம் நாள் கோனிக்கிரேட்ஸ் களத்தில் பிரஷ்யாவிடம் ஆஸ்திரியா தோற்றது; அதே நாளில் நடந்த தேர்தலில் தாராளவாதிகளும் தோற்றனர். ஒப்புதலின்றிச் செய்த செலவுகளைப் பின்னோக்கி ஏற்று அரசை விடுவிக்கும் பொறுப்புவிலக்குச் சட்டம் செப்டம்பரில் 230க்கு 75 என்ற வாக்குகளில் நிறைவேறியது. பயன் நன்றாயிருந்தால் வழி மன்னிக்கப்படும் என்ற தீர்ப்பை மறுத்தவர்களுள் பலரே எழுதிக் கொடுத்தனர் என்பது அந்த வாக்கெடுப்பின் உறுத்தல். கான்டின் ஊரான கோனிக்ஸ்பெர்க்கைச் சேர்ந்த யோகான் யாக்கோபி இணங்காதவர்களுள் ஒருவர்.

இவ்வாறு இரு நாடுகளின் அனுபவத்தைச் சேர்த்துப் பார்க்கையில் ஓர் இக்கட்டு வெளிப்படுகிறது: வலிமையுள்ள மறுப்பு மூன்றாமவனின் சோற்றில் கைவைக்கிறது; கைவைக்காத மறுப்புக்கு வலிமை இல்லை. செயலின் விளைவுகளுக்குப் பொறுப்பேற்கும் அறத்தையும் கொள்கையின் தூய்மையை மட்டும் நோக்கும் அறத்தையும் 1919இல் பிரித்துக் காட்டிய மாக்ஸ் வேபரின் சொற்களில் சொன்னால், கட்சி என்ற அமைப்பு இரண்டிலிருந்தும் ஒருசேரத் தப்பிக்க வழி தருகிறது: கொள்கை கட்சியுடையது, விளைவு எதிர்க்கட்சியுடையது, தனி உறுப்பினருக்குக் கை தூக்கும் வேலை மட்டுமே. 1914 ஆகஸ்டு 4ஆம் நாள் ஜெர்மானிய நாடாளுமன்றமான ரைஷ்டாக்கில் போர்க் கடனுக்கு ஆதரவளிக்கும் சமூக ஜனநாயகக் கட்சியின் அறிக்கையைப் படித்தவர், கட்சிக்குள் அதை எதிர்த்து வாதிட்டுத் தோற்ற ஹ்யூகோ ஹாஸே. கட்சிக் கட்டுப்பாடு முட்டுக்கட்டைக்கு மட்டுமன்றி இணக்கத்துக்கும் அதே அளவு பயன்படும் என்பதை, முட்டுக்கட்டையை மட்டும் பழிப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் இரண்டாவது கடனுக்கான வாக்கெடுப்பில் சமூக ஜனநாயகக் கட்சியின் கார்ல் லீப்க்னெக்ட் ஒருவர் மட்டும் எதிர்த்து வாக்களித்தார். அவருடைய வாக்கால் ஒரு மார்க் பணமும் நிற்கவில்லை. தம் காரணங்களை எழுதி அவர் கொடுத்த விளக்கத்தை அவைக்குறிப்பில் சேர்க்க அவைத்தலைவர் இசையவில்லை. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவருக்குப் படையில் சேருமாறு அழைப்பு வந்தது. அகழி வெட்டும் உழைப்புப் பிரிவில் அவர் சாதாரணப் படையாளாகச் சேர்க்கப்பட்டார்.