எழுதும் கைக்கு அருகே

எழுத்து தனிமையில் பிறக்கிறது. தனிமையை மட்டுமே உண்டு அது வளர்வதில்லை. அடுத்த பக்கத்துக்காக யாரோ காத்திருக்கிறார் என்ற நினைப்பு போதும், நின்றுபோன பேனா மறுபடி நகரும். அந்த ஒருவர் பெரிய விமர்சகராக இருக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே இருக்கலாம்.

கண்புரையால் பார்வை மங்கிய நாட்களில் எழுத்தாளர் கு.ப. ராஜகோபாலன் சொல்லச் சொல்ல எழுதியவர், தங்கை சேது அம்மாள். அண்ணனின் சொற்கள் அவர் கைவழியே தாளில் இறங்கின. அந்தக் கை தன் கதைகளையும் எழுதியது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று அங்கே பிரித்துச் சொல்ல முடியுமா?

ஊக்கம் என்றதும் பாராட்டைத்தான் நினைக்கிறோம். பாராட்டு, எழுதி முடித்த பக்கத்துக்கு வருவது. இன்னும் எழுதாத பக்கத்துக்கு வேண்டியது வேறு. 1933-இல் தொடங்கிய ‘மணிக்கொடி’ இதழ் தன் எழுத்தாளர்களுக்குச் செல்வம் எதையும் தந்துவிடவில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் ஆவலோடு படிக்கும் சூழலைத் தந்தது. சேது அம்மாள் தந்தது அதனினும் எளிமையானது: பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த வாக்கியம் வரும்வரை அவசரப்படுத்தாத பொறுமை.