மன்னிக்கும் உரிமை யாருக்கு?

(உடுமலைப்பேட்டையில் நிகழ்த்தப்பட்ட ஜுமுஆ உரையின் எழுத்து வடிவம்)

அல்ஹம்து லில்லாஹ். எல்லாப் புகழும் அகில உலகங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! போர்க்களத்தில் ஆயுதம் ஏந்தாத மக்களை ஒரு சிப்பாய் கொன்றுவிட்டால், அவனுக்கு என்ன நீதி? அவனை மன்னிக்கும் உரிமை யாருக்கு உண்டு? இதைப் பற்றித்தான் இன்று சிந்திக்கப் போகிறோம். இது ராணுவத்தாரின் விஷயம், நமக்கு இதில் என்ன என்று நினைத்துவிட வேண்டாம். நம் மஹல்லாவில் நடக்கும் பஞ்சாயத்து வரைக்கும் வந்து சேரும் விஷயம் இது.

மிருசுவில்லில் நடந்தது என்ன?

நம் கொங்கு மண்டலத்தில் ஆழியாறு, பூலுவபட்டி, பவானிசாகர் என்று பல இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அங்கிருந்து கட்டட வேலைக்கும் பெயின்ட் அடிக்கவும் வருபவர்களை நாம் அன்றாடம் பார்க்கிறோம். அவர்கள் எதற்காக ஊரை விட்டு வந்தார்கள் என்பதை மிருசுவில் சம்பவம் ஒன்றே சொல்லிவிடும்.

யாழ்ப்பாணம் தென்மராட்சியில் உள்ள ஊர் மிருசுவில். போரினால் அங்கிருந்து இடம்பெயர்ந்த சிலர் உடுப்பிட்டியில் தங்கியிருந்தார்கள். 2000ஆம் ஆண்டு டிசம்பர் 19 அன்று, விட்டுவந்த வீடு வாசலைப் பார்த்து வரலாம் என்று மிருசுவில்லுக்குப் போனார்கள். ராணுவத்தினரிடம் பிடிபட்டார்கள். எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். கழுத்து அறுக்கப்பட்டது. அந்த எட்டுப் பேரில் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒன்று. அந்தப் பிள்ளையின் கையில் என்ன ஆயுதம் இருந்திருக்கும்?

ஒரே ஒருவர் காயத்தோடு தப்பி ஓடி வந்து நடந்ததைச் சொன்னார். புதைக்கப்பட்ட உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. ஐந்து ராணுவத்தினர் மீது வழக்கு வந்தது. 2015 ஜூன் மாதம், ஏறத்தாழ பதினான்கரை ஆண்டுகள் கழித்து, கொழும்பு உயர் நீதிமன்றம் சுனில் ரத்நாயக்க என்ற ஸ்டாஃப் சார்ஜென்ட்டுக்கு மரண தண்டனை விதித்தது. மற்ற நால்வர் விடுவிக்கப்பட்டார்கள். 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

அதோடு முடிந்ததா? இல்லை. 2020 மார்ச் 26. கொரோனாவால் உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம். அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். அவர் சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

இலங்கையில் 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிட்டதில்லை. எனவே அவர் தூக்கிலிருந்து தப்பினார் என்பதல்ல இங்கே பேச்சு. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டாரைக் கேட்காமலே, அவர்களுக்குச் சேர வேண்டிய உரிமையை இன்னொருவர் எடுத்துக் கொடுத்துவிட்டார். அதுதான் பேச்சு.

இது ஒரு நாட்டின் கதை மட்டுமல்ல

1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கான பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் சுட்டுக் கொன்றார்கள். லெப்டினன்ட் வில்லியம் கேலி என்ற ஒருவருக்கு மட்டும் 1971இல் ராணுவ நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. சில நாட்களிலேயே அவரைச் சிறையிலிருந்து வீட்டுக் காவலுக்கு மாற்றும்படி அதிபர் நிக்சன் உத்தரவிட்டார். 1974இல் கேலி விடுதலையாகிவிட்டார்.

நம் நாட்டில் 2021 டிசம்பர் 4 அன்று நாகாலாந்தின் ஓட்டிங் கிராமத்தில், நிலக்கரிச் சுரங்க வேலை முடித்து வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளிகள் தீவிரவாதிகள் என்று தவறாகக் கருதப்பட்டுச் சுடப்பட்டார்கள். ஆறு பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்த சம்பவங்களில் மேலும் பலர் இறந்தார்கள். மாநிலக் காவல்துறையின் சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரித்து 30 ராணுவத்தினர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின்படி வழக்கு நடத்த மத்திய அரசின் அனுமதி வேண்டும். 2023இல் அந்த அனுமதி மறுக்கப்பட்டது. ஓட்டிங் சம்பவத்தில் குறி தவறியது. மிருசுவில்லில் தெரிந்தே கொலை நடந்தது. இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் இழந்தவரின் வீட்டுக் கதவைத் தட்டாமலே கணக்கு முடிக்கப்பட்டது என்பதில் இரண்டும் ஒன்றுதான்.

நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்?

ஹிஜ்ரி 8, மக்கா வெற்றிக்குப் பின் நடந்த சம்பவம். புகாரியில் பதிவாகியிருக்கிறது. காலித் பின் வலீத் (ரலி) அவர்களின் தலைமையில் ஒரு படை பனூ ஜதீமா கூட்டத்தாரிடம் அனுப்பப்பட்டது. அந்த மக்கள் ‘இஸ்லாத்தை ஏற்றோம்’ என்பதைச் சரியாகச் சொல்லத் தெரியாமல், ‘மதம் மாறினோம்’ என்ற பொருளில் வேறொரு சொல்லைச் சொல்லிவிட்டார்கள். காலித் (ரலி) அதை ஏற்கவில்லை. சிலர் கொல்லப்பட்டார்கள், மற்றவர்கள் கைதானார்கள். அவரவர் தம் கைதியைக் கொல்ல வேண்டும் என்றும் கட்டளை பிறந்தது.

அந்தப் படையில் அப்துல்லாஹ் பின் உமர் (ரலி) இருந்தார்கள். கட்டளை இடுபவர் தளபதி. ஆனாலும், என் கைதியை நான் கொல்ல மாட்டேன், என் தோழர்களில் எவரும் கொல்ல மாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்கள். ‘மேலிடத்து உத்தரவு’ என்று சொல்லி ஒரு முஃமின் தப்பிக்க முடியாது. இன்னொரு சம்பவத்தில், ஒரு தளபதி கோபத்தில் தம் படையினரை நெருப்பில் குதிக்கச் சொன்னபோது, நன்மையான காரியத்தில் மட்டும்தான் கீழ்ப்படிதல் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவாக்கியதும் புகாரியில் உள்ளது.

பனூ ஜதீமா செய்தி வந்தபோது நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? ‘காலித் நம் வீரர், போரில் இதெல்லாம் சகஜம்’ என்று சொன்னார்களா? இல்லை. இரு கைகளையும் உயர்த்தி, காலித் செய்ததற்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று அல்லாஹ்விடம் இரண்டு முறை முறையிட்டார்கள். அனைவர் முன்னிலையிலும் அதைத் தவறு என்று அறிவித்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. அலீ (ரலி) அவர்களைப் பணத்தோடு அந்த மக்களிடமே அனுப்பினார்கள். உயிருக்கும் உடைமைக்கும் நஷ்டஈடு கொடுக்கப்பட்டது. நாய் தண்ணீர் குடிக்கும் பாத்திரத்துக்குக்கூட விலை கொடுத்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மிஞ்சிய பணத்தையும், கணக்கில் விட்டுப்போனது ஏதேனும் இருக்கலாம் என்று அவர்களிடமே கொடுத்துவிட்டு வந்தார்கள்.

சிலர் கேட்கலாம்: அப்படியானால் காலித் (ரலி) அவர்களுக்கு ஏன் பழிக்குப் பழி இல்லை? அந்த மக்களின் சொல்லைத் தவறாக விளங்கிக்கொண்டு செய்தது அது என்று மார்க்க அறிஞர்கள் விளக்குகிறார்கள். தவறுதலாக நடந்த கொலைக்கு அன்னிஸா அத்தியாயம் 92வது வசனம் நஷ்டஈட்டைச் சட்டமாக்குகிறது. உடன்படிக்கை செய்த பிற சமூகத்தாருக்கும் அது உண்டு என்பதையும் அதே வசனம் சொல்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையின் கழுத்தில் கத்தி வைத்தவன் எந்தச் சொல்லைத் தவறாக விளங்கிக்கொண்டான்? பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் போரிலேயே தடை செய்துவிட்டார்களே!

மன்னிப்பு நல்லதுதானே?

ஆம். மன்னிப்பு மிகப் பெரிய அமல். ஆனால் கொலையில் மன்னிக்கும் உரிமையை அல்லாஹ் யாரிடம் கொடுத்திருக்கிறான்? அல்பகரா 178வது வசனத்தையும், பனூ இஸ்ராயீல் 33வது வசனத்தையும் வீட்டுக்குப் போய் ஒருமுறை தர்ஜமாவோடு படித்துப் பாருங்கள். கொல்லப்பட்டவரின் வாரிசுக்கே அந்த அதிகாரம். அவர் நீதி கேட்கலாம், நஷ்டஈடு பெறலாம், மன்னிக்கலாம். நீதி கேட்பதிலும் அவர் எல்லை மீறக்கூடாது. தீர்ப்பும் தண்டனையும் ஆட்சியின் பொறுப்பு. ஆட்சியாளர் வாரிசுக்காக நீதியை நிலைநாட்ட வேண்டியவர். வாரிசின் இடத்தில் உட்கார்ந்து மன்னிக்க வேண்டியவர் அல்லர்.

நபி (ஸல்) அவர்கள் தமக்குச் செய்யப்பட்ட கொடுமைகளை மன்னித்தார்கள். தமக்காக அவர்கள் பழிவாங்கியதில்லை என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அதே நபியிடம், திருடிய உயர்குலப் பெண் ஒருத்திக்காகப் பரிந்துரை வந்தபோது முகம் சிவந்தார்கள். தம் மகள் ஃபாத்திமாவாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான் என்றார்கள். செல்வாக்குள்ளவரை விட்டுவிட்டு எளியவரைத் தண்டித்ததால்தான் முந்தைய சமூகங்கள் அழிந்தன என்றும் எச்சரித்தார்கள்.

இன்னும் ஒன்று. ஷஹீதுடைய பாவங்கள் அனைத்தும் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்று முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. அர்ரஹ்மான், அர்ரஹீம் ஆன அல்லாஹ்வே அடியானின் ஹக்கை அந்த அடியானின் கையிலேயே விட்டு வைத்திருக்கிறான். அப்படியிருக்க, ஒரு ஜனாதிபதியின் கையெழுத்துக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது?

நம் ஆளா, அவர்கள் ஆளா?

அன்பானவர்களே! 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் இஷா தொழுதுகொண்டிருந்த நம் சகோதரர்களை இரண்டு பள்ளிவாசல்களில் விடுதலைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். அதே ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணம் உட்பட வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்த வலி இன்றும் ஆறவில்லை.

அதைக் காரணம் காட்டி, மிருசுவில் மக்களுக்காக நாம் ஏன் பேச வேண்டும் என்று ஒருவர் கேட்டால், அல்மாயிதா 8வது வசனம் அவருக்குப் பதில். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து நகர்த்திவிடக் கூடாது என்பது அல்லாஹ்வின் கட்டளை. காத்தான்குடிக்காக அழும் கண், மிருசுவில்லின் அந்தப் பிள்ளைக்காகவும் அழ வேண்டும். அந்தப் பிள்ளைக்கு நீதி கேட்பவர்கள், காத்தான்குடியின் பிள்ளைகளுக்கும் நீதி கேட்க வேண்டும்.

நம் மஹல்லாவுக்கு வருவோம்

மனிதரின் ஹக்கில் பெரிது கொலை. ஆனால் சிறிய ஹக்குகளுக்கும் சட்டம் இதுதான். வசதியான வீட்டுப் பையன் வேகமாக வண்டி ஓட்டி, கூலித் தொழிலாளி ஒருவரின் காலை உடைத்துவிடுகிறான். பெரியவர்கள் நாலு பேர் கூடி, “பேசி முடிச்சுக்கலாங்க, போலீஸு எதுக்குங்க” என்கிறார்கள். காலை இழந்தவர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்; அவரிடம் யாரும் கேட்பதில்லை. கணவனிடம் அடிவாங்கி வந்து நிற்கும் பெண்ணிடம், “பொறுத்துப் போம்மா, அல்லாஹ் கூலி கொடுப்பான்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அண்ணன் தம்பிகள் சேர்ந்து தங்கையின் பாகத்தை ‘அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள்’ என்று எழுதிக்கொள்கிறார்கள்.

சமரசம் செய்துவைப்பது மார்க்கம் சொன்ன நற்செயல். ஆனால் பாதிக்கப்பட்டவர் மனம் ஒப்பி, பயமில்லாமல், வற்புறுத்தல் இல்லாமல் சம்மதித்தால்தான் அது சமரசம். இல்லையென்றால் அதற்குப் பெயர் அநீதி. எனவே ஜமாஅத் பொறுப்பில் இருப்பவர்கள் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலில், பாதிக்கப்பட்டவரைத் தனியாக அழைத்து, அவர் வாயால் கேளுங்கள். இரண்டாவது, தவறு செய்தவர் நம்மவரானாலும் தவறு என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். மூன்றாவது, அவர் சட்டப்படி நீதிமன்றம் போக விரும்பினால் குறுக்கே நிற்காதீர்கள்.

மறுமையில் மனிதர்களுக்கு இடையே முதலில் தீர்ப்பளிக்கப்படுவது இரத்தம் சிந்திய வழக்கில்தான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். அங்கே பொதுமன்னிப்பு உத்தரவு செல்லாது. அனுமதி மறுக்கும் அலுவலகமும் அங்கே இல்லை. அந்தப் பிள்ளையே பேசும், கேட்பவன் அல்லாஹ். நாம் யார் யாருடைய ஹக்கை அவர்களைக் கேட்காமல் விட்டுக்கொடுத்தோமோ, அவர்களும் அங்கே நிற்பார்கள். அதற்கு முன், இங்கேயே போய் அவர்களிடம் கணக்கு முடித்துக்கொள்வோம்.

யா அல்லாஹ்! அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒவ்வொருவரின் குடும்பத்தாருக்கும் நீதியையும் ஆறுதலையும் தந்தருள்வாயாக! எங்கள் சொந்தத்துக்கு எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்லும் துணிவை எங்களுக்குத் தருவாயாக! பிறர் ஹக்கைச் சுமந்தவர்களாக உன் முன் நிற்பதிலிருந்து எங்களைக் காப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.