தோளறியும் தேவை

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில வடஎல்லையில் பவுண்டரி வாட்டர்ஸ் என்னும் ஏரிக்காடு உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். மாலையில் லூன் பறவையின் நெடுங்குரல். அந்த இன்பத்தை நாடுவோர் கனூ என்னும் ஒல்லிப் படகைத் துடுப்பால் செலுத்தி, ஏரிக்கும் ஏரிக்கும் இடையே படகையும் மூட்டைகளையும் தோளில் சுமந்து நடக்கவேண்டும். ஒரு குழுவில் 9 பேருக்கு மேல் கூடாது.

வீட்டில் மூட்டை கட்டும்போது எல்லாமே தேவையாகத்தான் தோன்றும். சுமைவழியில் கணக்கு மாறுகிறது. ஒரே நடையில் சுமக்க இயலாதவர் முதற்சுமையை அக்கரையில் வைத்து, வெறுங்கையோடு திரும்பி, மறுசுமையோடு மீண்டும் நடப்பார். 1 கிலோமீட்டர் 3 ஆகிவிடும். அவருடைய மடக்கு நாற்காலிக்காக உடன்வந்தவர் காத்திருக்கவேண்டும், அல்லது தாமும் சுமக்கவேண்டும். அங்ஙனமாயின், 'என் ஆசை, என் பாடு' என்று நாம் சொல்லிக்கொள்வது மெய்தானா?

முன்னர் இதே நீர்வழிகளில் கூலிப் படகோட்டிகள், சுமார் 40 கிலோ எடையுள்ள கட்டுகளை இரண்டிரண்டாகச் சுமந்தனர். ஐரோப்பியரின் தொப்பிகளுக்கான பீவர் தோல்கள் அவ்வாறுதான் வந்தன. தொப்பி அணிந்தவர் அந்தத் தோள்களைக் கண்டதில்லை. நாமும் பெரும்பாலும் காண்பதில்லை.

கானகம் சென்று திரும்புவோர் சிலர், பிரிக்காமலே வந்த பொருள்களைக் குறித்துவைத்து, மறுமுறை அவற்றை விட்டுச்செல்கின்றனர். மழைச்சட்டையையும் மருந்துப் பெட்டியையும் மட்டும், பிரிக்கவே இல்லையெனினும், விடுவதில்லை.