யாருடைய எண்பதுகள்?

போன ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். திருத்தங்கலிலிருந்து சாத்தூர் வழியாகப் போனால் அதிக தூரமில்லை. வண்டியை மாமா ஓட்டினார், நான் முன் சீட்டில். அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் பின்னால், மடியில் தேங்காய்ப் பழக் கூடையோடு. கிளம்பி ஐந்து நிமிடத்தில் எங்கள் வழக்கமான சண்டை ஆரம்பித்துவிட்டது.

மாமாவுக்கு எண்பதுகள், எனக்குத் தொண்ணூறுகள். நான் காலேஜில் சேர்ந்த வருஷத்திலிருந்து நடக்கிற வழக்கு இது, இன்னும் தீர்ப்பு வரவில்லை.

"மாப்ள, 'நிழல்கள்' எண்பது. 'பயணங்கள் முடிவதில்லை' எண்பத்திரெண்டு. 'முதல் மரியாதை' எண்பத்தஞ்சு. இதுல ஏதாவது ஒண்ணுக்கு உங்காளு பதில் சொல்லட்டும், நான் வண்டிய நிப்பாட்டி எறங்கிக்கிறேன்."

நான் 'ரோஜா'வைச் சொன்னேன், 'காதலன்', 'பம்பாய்' என்று அடுக்கினேன். ஒரு பாட்டின் ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாகப் பதிந்து, அடுக்கி, செதுக்குகிற வேலையைத் தமிழில் எல்லார் காதுக்கும் கொண்டுவந்தது அந்தப் பத்தாண்டுதானே என்றேன்.

ரெண்டு பேருமே கொஞ்சம் ஏமாற்றித்தான் வாதாடுவோம். மாமா சொல்கிற 'எண்பதுகள்' 1976இல் 'அன்னக்கிளி'யில் ஆரம்பித்து 1992இல் 'ரோஜா' வரும்வரை நீளும். பதினாறு வருஷத்துப் பத்தாண்டு. என் 'தொண்ணூறுகள்' அதைவிட மோசம், அதில் ரகுமான் மட்டும்தான் இருப்பார். ஆனால் நான் பள்ளிக்கூடம் போன மினி பஸ்ஸில் அதிகம் ஓடியது தேவா. 'அண்ணாமலை'யும் 'பாட்ஷா'வும் இல்லாத தொண்ணூறுகள் எந்த ஊரில் இருந்தது? விவாதம் என்று வந்தால் தேவாவை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடுவேன்.

மாமாவின் பெரிய ஆயுதம் பேஸ் கிடார். ராஜா பாட்டில் அடியில் தனியாக ஒரு மெட்டு நடந்துபோகும், அதைக் கேட்டவன் வேறெதையும் கேட்க மாட்டான் என்பார். உண்மைதான். ஆனால் இந்த முறை என்னிடம் புது ஆயுதம் இருந்தது. "மாமா, நீங்க அந்தக் காலத்துல பாட்டுக் கேட்டது எதுல? கல்யாண வீட்டுக் குழாய்ல. தென்னை மரத்துல கட்டுற கூம்பு ஸ்பீக்கர்ல முன்னூறு ஹெர்ட்ஸுக்குக் கீழ ஒண்ணும் உருப்படியா வராது. நீங்க சொல்ற பேஸ் கிடார் பெரும்பாலும் அதுக்கும் கீழதான் இருக்கு. சின்ன வயசுல அதை நீங்க கேட்டிருக்கவே முடியாது."

மாமா அசரவில்லை. "காதுல கேக்கலைன்னா என்ன மாப்ள, உள்ள கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு, நிரூபிக்கிற மாதிரி 1982ஆம் வருஷத்துப் பாட்டு ஒன்றைப் போட்டார். முதல் வயலின் வரிசை வந்து இறங்குவதற்குள் பின்னாலிருந்து அம்மா குரல்.

"அதை மாத்துய்யா."

இது புதிதில்லை. அம்மா எப்போதும் அப்படித்தான். எங்கள் வீட்டில் இசை ரசனை இல்லாத ஆள் அம்மா என்பது முடிந்துபோன விஷயம். இந்தப் பதினெட்டு வருஷ விவாதத்தில் அம்மாவின் ஓட்டை நாங்கள் கேட்டதே இல்லை. அன்றைக்கு என்னவோ, சாமி கும்பிட்டுவிட்டு வைப்பாற்று மணலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடும்போது கேட்டேன். ஏம்மா அந்தப் பாட்டைப் போட்டாலே மாத்தச் சொல்ற?

அம்மா 1969இல் பிறந்தவர். 1980இல், ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு, தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனார். எங்கள் பக்கம் பாக்டரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ்தான். வெளியூர் நண்பர்கள் இதைக் கேட்டு, உங்கம்மா ஆபீஸ் போனாங்களா என்று ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள். தாத்தா ஏஜென்ட்டிடம் முன்பணம் வாங்கியிருந்தார், கரிசல் காட்டில் ரெண்டு வருஷம் விளைச்சல் இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு ஆபீஸ் பஸ் ஊருக்கு வரும். டீக்கடைக்காரர் அதற்கு முன்பே எழுந்து டேப்ரெக்கார்டரைப் போட்டுவிடுவார். கேசட் தினமும் ஒன்றுதான். எந்தப் பாட்டு ஓடுகிறது என்பதுதான் அம்மாவுக்கு மணி. முதல் பாட்டில் முகம் கழுவணும், ரெண்டாவது பாட்டு முடிவதற்குள் சடை பின்னி முடித்திருக்கணும், மூன்றாவது பாட்டில் பஸ் ஹார்ன் அடிக்கும். பஸ்ஸை விட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது, ஏஜென்ட் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பான். மாமா போட்டது அந்த மூன்றாவது பாட்டு.

"பாட்டு நல்லாத்தான்யா இருக்கு. நான் என்ன நல்லால்லைன்னா சொன்னேன்? கேட்டா வயித்தைக் கலக்குது."

போய்ச் சேர்ந்தால் கட்டை அடுக்குவது. சட்டத்தில் குச்சிகளை ஒன்றொன்றாக வரிசை பிடித்து, மருந்தில் முக்குவதற்குத் தோதாக இறுக்குகிற வேலை. கட்டைக் கணக்கில் கூலி. சாயங்காலம் இருட்டிய பிறகுதான் வீடு.

மாமா எழுந்து, டீ வாங்கி வருகிறேன் என்று கடைப்பக்கம் போனார். அவர் அம்மாவுக்கு மூன்று வயது இளையவர். பத்தாம் வகுப்பு வரை அவருடைய நோட்டு, பரீட்சை பீஸ் எல்லாம் அக்காவின் சனிக்கிழமைக் கூலியிலிருந்துதான். சிவகாசி ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்து வாங்கிய அவருடைய முதல் கேசட்டைப் பற்றி நூறு முறை சொல்லியிருக்கிறார். அதற்குக் காசு யார் கொடுத்தது என்று நான் ஒரு முறையும் கேட்டதில்லை.

இதை இங்கேயே முடித்தால் ஒரு நல்ல கதை கிடைக்கும். ஆனால் பெரியம்மா குறுக்கே வந்துவிட்டார். அவரும் அதே ஆபீஸ், அதே பெஞ்சு.

"ஏடி, உனக்கு வயித்தைக் கலக்கும், எனக்கு அந்தப் பாட்டு இல்லைன்னா அங்க ஒரு நாள் இருந்திருக்க மாட்டேன். நாம எத்தனை பாட்டு சேந்து படிச்சிருக்கோம்? கணக்கப்பிள்ளை பேரை வச்சுப் பாட்டை மாத்திப் படிச்சு அடி வாங்கலயா? கல்யாணத்துக்கு அப்புறம் எனக்கு என்ன இருந்துச்சு? நான் சிரிச்சதெல்லாம் அங்கதான்."

ஒரே பெஞ்சில் அடுத்தடுத்து உட்கார்ந்த ரெண்டு பிள்ளைகள். ஒருவருக்கு அந்தப் பாட்டுத் தண்டனை, இன்னொருவருக்கு அதுதான் துணை. அம்மாவின் கதையைக் கேட்டதும் 'எண்பதுகள் பொற்காலம் என்பது பொய்' என்று ஒரு வரி என் தலைக்குள் தயாராகியிருந்தது. பெரியம்மா அதை எழுதவிடவில்லை.

1989இல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், 16 முதல் 86 வயது வரையிலான 108 பேருக்கு 1932இலிருந்து 1986 வரை வந்த ஹிட் பாடல்களைப் போட்டுக்காட்டிப் பிடிக்கிறதா என்று கேட்டார்கள். சராசரியாகப் பார்த்தால், தங்களுடைய இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் வந்த பாட்டையே அதிகம் விரும்பினார்கள். 2013இல் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் கிரம்ஹான்ஸல், ஜஸ்டின் ஸுப்னிக்கோடு சேர்ந்து இன்னொன்றைக் கண்டார். இருபது வயதுப் பிள்ளைகளிடம், அவர்கள் பிறப்பதற்கு முன்னால், அவர்களுடைய அப்பா அம்மா இளைஞர்களாக இருந்தபோது வந்த பாட்டுகளுக்கும் தனி ஒட்டுதல் இருந்தது. வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு, சொத்து மாதிரி கைமாறிவிடுகிறது.

இது படித்தபோது எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. எண்பதுகளின் பாட்டு எனக்கு அம்மா வழியாக வந்திருக்க வேண்டும், வரவில்லை. மாமா வழியாகத்தான் வந்தது, அதுவும் சண்டையாக. எங்கள் வீட்டில் அந்தச் சொத்து ஓரிடத்தில் அறுந்திருக்கிறது, அறுந்த இடத்துக்கு நாங்கள் 'ரசனை இல்லை' என்று பெயர் வைத்திருந்தோம்.

அந்தக் காலத்துச் சிவகாசி மறைவாக ஒன்றும் இருக்கவில்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோது, பதினான்கு வயதுக்குட்பட்டவர்களைச் சேர்க்கக்கூடாத வேலைகளின் பட்டியலில் தீப்பெட்டியும் பட்டாசும் இருந்தன. குடும்பத்தோடு செய்கிற வேலைக்கு அதே சட்டம் விலக்கும் கொடுத்தது, பெட்டி ஒட்டுவது வீட்டுத் திண்ணைக்கு வந்தது. 1990இல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்தை எடுத்தார். 1996 டிசம்பரில், சிவகாசிக் குழந்தைகளுக்காக எம்.சி. மேத்தா போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அப்போது அம்மாவுக்கு இருபத்தேழு வயது. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன்.

அப்படியானால் என் தொண்ணூறுகள்? எங்கள் வீட்டுக்கு டேப்ரெக்கார்டர் வந்தது 1997 தீபாவளிக்கு. அம்மா அதற்குள் வெடி ஆபீஸுக்கு மாறியிருந்தார், அந்த வருஷத்துப் போனஸில் வாங்கியது அது. அதில்தான் நான் 'மின்சார கனவு' கேசட்டைத் தேயத் தேயக் கேட்டேன். அம்மா அந்த டேப்பைத் தொட்டதே கிடையாது. அலுமினியத் தூள் ஒட்டிய கை, எத்தனை முறை கழுவினாலும் ரேகைக்குள் ஒரு வெள்ளி மினுக்கு இருக்கும். "மருந்துக் கை, கெட்டுப்போகும்" என்பார். நான் பட்டனை அமுக்க, அவர் தூரத்தில் சமைத்துக்கொண்டிருப்பார். அவருக்கு என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டதாக ஞாபகம் இல்லை.

ஆக, முன் சீட்டில் உட்கார்ந்து எந்தப் பத்தாண்டு சிறந்தது என்று வாதாடிய ரெண்டு பேருடைய பத்தாண்டையும் வாங்கிக் கொடுத்தவர் பின் சீட்டில் தேங்காய்க் கூடையோடு இருந்தார்.

இதனால் பாட்டின் தரம் குறையுமா? குறையாது என்றே நினைக்கிறேன். ஒரு பாட்டோடு இன்னொரு பாட்டை ஒப்பிடலாம், மெட்டு, தாளம், வாத்தியச் சேர்க்கை என்று பேச எவ்வளவோ இருக்கிறது. ராஜா பண்ணைப்புரத்திலிருந்து வந்தவர், அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாட்டுக்கு வாசித்தவர். உழைக்கிறவர்கள் தங்கள் வீட்டுச் சத்தத்தைச் சினிமாவில் கேட்டது அவரால்தான். நாலு மணிக்கு டீக்கடையில் ஓடியதற்கு அந்தப் பாட்டு பொறுப்பாகாது. அம்மாவுக்கும் அவர் மேல் ஒரு கோபமும் இல்லை.

எனக்கு இடிப்பது 'பத்தாண்டு' என்கிற அளவுதான். பத்தாண்டு என்பது காலண்டர் கணக்கு, அதற்கு ராகம் கிடையாது. ஒரு பத்தாண்டைச் சிறந்தது என்று சொல்லும்போது பாட்டோடு சேர்த்து நம் வயதையும், நமக்குக் கிடைத்த ஓய்வையும், பட்டனை அமுக்கிய நம் விரலையும் உள்ளே கடத்திவிடுகிறோம். பாட்டைப் பற்றிப் பேசுகிற பாவனையில் நம் இளமைக்கு மார்க் போட்டுக்கொள்கிறோம். இளமையில் நேரம் இருந்தவர்கள் மட்டுமே இந்தப் போட்டிக்கு வர முடியும். இப்படிக் கணக்குப் பார்த்தால் எதைத்தான் ரசிப்பது, பெரிய கோயிலுக்குக் கல் சுமந்தவனைக் கேட்டா கும்பிடுகிறோம் என்று மாமா பிறகு ஒரு நாள் போனில் கேட்டார். எனக்குச் சரியான பதில் வரவில்லை. நானும் ராஜாவைக் கேட்பதை நிறுத்திவிடவில்லை. நேற்றுகூட ஆபீஸ் பஸ்ஸில் கேட்டேன். 'ஆபீஸ் பஸ்' என்று எழுதும்போதுதான் கை கொஞ்சம் தயங்குகிறது.

மணலில் உட்கார்ந்திருந்த அன்று பெரியம்மாதான் கேட்டார், "சரி, உனக்கு எந்தப் பாட்டுத்தான் பிடிக்கும்?"

"இப்ப வர்றதுதான்" என்றார் அம்மா. "பிடிக்கலைன்னா தள்ளி விட்டுரலாம்ல." கட்டைவிரலால் காற்றில் தள்ளிக் காட்டினார். அனிருத் யார், சந்தோஷ் நாராயணன் யார் என்றெல்லாம் அவருக்குத் தெரியாது. போன் அவருடையது, அவ்வளவுதான்.

அந்தப் போனிலும் ஒரு குறை இருந்தது. பாட்டு ஆப் அவருக்குத் திரும்பத் திரும்ப எண்பதுகளையே போட்டுக்கொண்டிருந்தது. கணக்குத் தொடங்கும்போது பிறந்த வருஷம் 1969 என்று கொடுத்தது நான்தான். அதை வைத்து, இந்த வயதுக்கு இந்தப் பாட்டுத்தான் உயிர் என்று யாரோ ஒரு இன்ஜினியர் எழுதியிருப்பான் என்பது என் ஊகம். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஊருக்குத் திரும்புவதற்கு முன் அதை 1999 என்று மாற்றினேன்.

"என்னய்யா பண்ணுன?"

"உன் வயசுல முப்பது கொறச்சிருக்கேன்."

"அப்ப நான் உனக்குத் தங்கச்சியா?" என்று சிரித்தார்.

பத்து நாள் கழித்துப் பேசும்போது இப்போது எப்படிப் போடுகிறது என்று கேட்டேன். நல்லாத்தான் போட்டுது, இப்ப மறுபடி பழசாப் போடுது என்றார். நான் வேறு செட்டிங் ஏதாவது இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்.

"மாமா வந்திருந்தான்யா. எம் போனை வாங்கி வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் கேட்டுக்கிட்டு இருந்தான். கேட்டுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."